குடை வைத்த கதிரை

தம்பி,

சாம்பியாவிலிருந்து உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சி வசந்தியின் கலியாணத்தில் அவளுடைய கையை மாமா பிடித்துக் கொடுக்கட்டும், அக்கா மலருக்கும் அவர்தானே கொடுத்தார், அதுதான் எல்லாருக்கும் நிம்மதி என்று எழுதியிருக்கிறாய். அப்பா மனம் நோகக்கூடாது என்று கீழே ஒரு வரி. நோகவில்லை. முடியாது. வசந்தியின் கையை நான்தான் பிடித்துக் கொடுப்பேன். உன் அம்மா தண்ணீர் வார்ப்பாள். மாமா முன்வரிசையில் இருந்து பார்ப்பார். பதில் இவ்வளவுதான். மிச்சத்தை எழுதுவதற்குக் காரணம் வேறு. நான் குடியை விட்டது உங்களுக்காக என்று நீ நம்புகிறாய். நம் ஊர் சண்டிலிப்பாய் முழுவதும் அப்படித்தான் நம்புகிறது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மனிதன் திருந்திவிட்டான் என்று. பொய். உங்கள்மேல் அன்பு எனக்கு எப்போதும் இருந்தது. அந்த அன்போடுதான் குடித்தேன். விட்டது ஒரு மனிதரைப் பழிவாங்க. இன்றைக்கும் அதற்காகவே குடிக்காமல் இருக்கிறேன்.

மலரின் கலியாணம் உனக்குக் காட்சியாக நினைவிருக்கும். எனக்குச் சத்தமாக. அன்று விடிய என் கை நடுங்கியது. குடிக்கிறவனின் கை காலையில் நடுங்கும், ஒரு வாய் உள்ளே போனால் நிற்கும். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கும்போது வெற்றிலையும் பாக்கும் கீழே விழுந்துவிடக்கூடாது. அதற்காகவே பின்வேலிக்குப் போனேன். எங்கள் பனைகளில் கள்ளுச் சீவும் சின்னத்தம்பி வழக்கம்போல கள்ளு முட்டியோடு வேலிக்கு அப்பால் நின்றார். ஓலையைக் கோலிக் கட்டிய பிளாவில் ஊற்றித் தந்தார். கை நின்றது. நிற்கிற கையைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. இன்னொன்று குடித்தேன். பிறகு இன்னொன்று. நல்ல காரணத்துக்காகத் தொடங்கிய குடி எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. அதனால் தொடங்குவதில்லை.

உன் மாமா வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, சால்வை, மூன்று விரலால் இழுத்த திருநீறு. என் முகத்துக்குக் கிட்ட வந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். சிரித்தார்.

"மச்சான், குடிலுக்கை வெத்திலைக் கட்டொண்டு வைச்சிருக்காம். ஒருக்கா எடுத்துத் தாருமன்."

வளவின் பின்பக்கத்தில், புகையிலைக்குப் புகை போடுகிற நம் குடில். யன்னல் இல்லாத மண் சுவர். ஒரே கதவு, வெளியே குறுக்கே போடும் மரத் திறாங்கு. உள்ளே போய்க் குனிந்து வெற்றிலைக் கட்டைத் தேடினேன். முதுகுக்குப் பின்னால் திறாங்கு விழுந்தது.

"சத்தம் போடாதையும். தாலி கட்டி முடிஞ்சாப் பிறகு நானே வந்து திறக்கிறன். உம்மடை நல்லதுக்குத்தான்."

மகளின் கலியாணத்தை நான் மண் சுவருக்குப் பின்னால் இருந்து கேட்டேன். தவில் கேட்டது. பெண்கள் ஓடித் திரிவது கேட்டது. யாரோ என்னைக் கேட்க, "அவருக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறார்" என்று மாமா சொன்னதும் கேட்டது. கெட்டிமேளம் எழும்பியபோது கதவில் அடித்தேன். தோளால் இடித்தேன். அந்தச் சத்தத்துக்குள் என் சத்தம் யாருக்குக் கேட்கும்? பிறகு சாம்பார் மணம் வந்தது. பிறகு நீ வந்தாய். கதவின் கீழே ஒரு இடைவெளி. வாழையிலையில் சோறும் பருப்பும் அதற்குள்ளால் வந்தன.

"அப்பா, சாப்பிடுங்கோ."

"தம்பி, திறவடா."

"மாமா ஏசுவார் அப்பா."

உன் கால்கள் எனக்குத் தெரிந்தன. புது வேட்டியின் கரை. கால்கள் கொஞ்சம் நின்றன. பிறகு போயின. அப்போது உனக்கு மீசை முளைத்துவிட்டது தம்பி, நீ சின்னப் பிள்ளை இல்லை. அந்தத் திறாங்கைத் தூக்க ஒரு கை போதும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் உனக்கு நன்றாக இருக்கும். எழுத மாட்டேன். குடிகாரத் தகப்பனைச் சபைக்குள் விட்டிருக்கலாமா என்று நீ கேட்பாய். விட்டிருக்கக் கூடாது. அது நியாயம். நியாயமான காரியத்தைச் செய்கிறவனின் முகத்தில் ஒரு சந்தோசம் வரும், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்தபோது மாமாவின் முகத்தில் அது இருந்தது. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். "எல்லாம் வடிவாய் முடிஞ்சுது மச்சான்." அவரின் கையில் என் மகளுக்கு வார்த்த தண்ணீரின் ஈரம் காய்ந்திருந்தது.

அந்தப் படம் நம் வீட்டு மண்டபத்தில் இருக்கிறது. மணவறைக்கு முன்னால் உன் அம்மாவும் அவரும், நடுவில் மலரின் கை. அதை மாட்ட ஆணி அடித்தது நான். நடுங்கும் கையால் அடித்து விரலை நசுக்கிக்கொண்டேன். பிறகு சில வருடங்கள் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் குடித்தேன். பழி இருந்தது. வழி தெரியவில்லை. குடிகாரனின் பழி சாயந்தரம் எழும்பும், கள்ளுக்குள் இறங்கிப் படுத்துவிடும்.

நீ சாம்பியாவுக்குப் போன பிறகு ஒருநாள் உன் அம்மா சொன்னாள்: "அண்ணை இப்ப சனிக்கிழமையிலை யாழ்ப்பாணம் போறார். பிரசங்கம் கேக்கவாம்." நான் தலை நிமிர்ந்தேன். மாமா எப்போதும் ஏலக்காய் மெல்லுவார், உனக்குத் தெரியும். கைக்குட்டையில் ஓடிக்கொலோன் வாசனை. நாகரிகம் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும்தான். ஆனால் அதற்குக் கொஞ்சநாள் முன் கோயில் வீதியில் காலை வேளையில் அவரைக் கண்டேன். சால்வையைத் தோளில் ஏற்றும்போது அவருடைய விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கம் எனக்கு என் கையெழுத்தைப்போலப் பழக்கம். நான் வேலியோரம் நின்று ஊருக்குத் தெரியக் குடித்தேன். அவர் அலுமாரியைப் பூட்டிக்கொண்டு குடித்தார். மலரின் கையைக் கொடுத்த அன்றும் ஏலக்காய் மணந்தது. அது நினைவுக்கு வந்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. பசி.

அடுத்த சனிக்கிழமை அவரைப் பின்தொடர்ந்தேன். அன்று காலை குடிக்கவில்லை. கையும் களவுமாக அவரைப் பிடிக்கும்போது என் வாய் மணக்கக்கூடாது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு குடிக்காத முதல் காலை அது. என் உடம்பு முழுவதும் வேர்த்தது. மானிப்பாய் வழியாகப் போகிற பஸ்சில் அவர் முன்னால் இருந்தார், நான் பின்னால், சந்தைக்குப் போகிற பெண்களின் கடகங்களுக்கு நடுவில் குனிந்து. யாழ்ப்பாணத்தில் இறங்கிக் கோயில் பக்கம் போகவில்லை அவர். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. அங்கே ஒரு பழைய கல்வீடு, வாசலில் இரும்புப் படலை. எதிரே ஒரு வேம்பு. அவர் வேம்பின் கீழ் நின்றார். ஆட்கள் ஒவ்வொருவராகப் படலைக்குள் போனார்கள். அவரும் போய்ப் படலையில் கை வைத்தார். உள்ளே பார்த்தார். கையை எடுத்தார். சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

ஒழுங்கை முடக்கில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உந்தப் படலைக்கை என்ன நடக்குது?"

"குடிகாரற்றை கூட்டம்."

"உள்ளுக்கை வைச்சுக் குடிக்கினமோ?"

"இல்லையண்ணை, விட்டவை. விடப்போறம் எண்டு சொல்லுறவையும் வருவினம். வட்டமாய் இருந்து கதைப்பினம், தேத்தண்ணி குடிப்பினம், போவினம். பாட்டுமில்லை பூசையுமில்லை." அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் போறியளோ?"

"நானோ? நான் ஒரு ஆளைத் தேடி வந்தனான்."

"ஓமோம். வாறவை எல்லாரும் முதல்நாள் என்னட்டை அதைத்தான் சொல்லுறவை."

திரும்பும் வழியெல்லாம் பஸ்சில் சிரித்துக்கொண்டு வந்தேன். ஊருக்குச் சொல்லலாம். சபையில் சொல்லலாம். நம் வீட்டுப் படலையடியில் உன் அம்மாவைக் கண்டு வாயைத் திறந்தேன், மூடினேன். யார் நம்புவார்கள்? என் வாயிலிருந்து வந்தால் அது வெறும் கள்ளுக் கதை. நம்பவேண்டுமானால் என் வாய் மணக்கக்கூடாது. ஒருநாள் இரண்டு நாள் அல்ல, ஊர் மறந்துபோகும் அளவுக்கு. அதைவிட இனிப்பான இன்னொரு யோசனை அன்றிரவு படுத்திருக்கும்போது வந்தது. அவரால் நுழைய முடியாத படலைக்குள் நான் நுழைவேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க.

அடுத்த சனிக்கிழமை அவர் வேம்பின் கீழ் நின்றார். நேரே அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ன மச்சான், வெய்யிலுக்கை நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோவன்."

"நான்... நான் வேறை அலுவலாய் வந்தனான்."

"அப்ப நான் போட்டு வாறன்."

படலையைத் திறந்து போனேன். நான் பல்கலைக்கழகம் வரை போய்ப் பட்டத்தோடு திரும்பிவந்து தோட்டம் செய்தவன். என் பட்டம் கூட அந்தச் சந்தோசத்தைத் தரவில்லை.

உள்ளே ஒரு நீள அறை. வட்டமாகக் கதிரைகள். அருளப்பு என்று ஒரு பெரியவர், முன்பு கப்பலில் சமையல் செய்தவர், கூட்டத்தை நடத்துகிறவர். ஒரு கதிரையைக் காட்டினார். இருந்த பிறகுதான் பக்கத்துக் கதிரையில் இருப்பவரைப் பார்த்தேன். சின்னத்தம்பி. எனக்குக் கள்ளு வார்த்த அதே சின்னத்தம்பி. நம் வீட்டில் யாரும் அவரை 'அவர்' என்றதில்லை, 'அவன்' என்போம். என் முன்னால் அவர் கதிரையில் இருந்ததை என் வாழ்நாளில் கண்டதில்லை. என் கதிரையைப்போல ஒரு கதிரை. கையில் ஒரு வெள்ளை எனாமல் பேணி. அருளப்பு அதேபோல ஒரு பேணியில் எனக்கும் தேநீர் நீட்டினார். ஒரே வாளியில் கழுவி, ஒரே தட்டில் கவிழ்த்து வைத்த பேணிகள். என் கை போகவில்லை.

"எனக்கு வேண்டாம். இப்பத்தான் குடிச்சனான்."

சின்னத்தம்பி திரும்பவில்லை. தன் தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஐயா, நான் தொட்டு வார்த்த கள்ளை வேலியடியிலை நிண்டு எத்தினை பிளா குடிச்சிருப்பியள்? கள்ளுக்கு இல்லாத தீட்டு உந்தத் தேத்தண்ணிக்கு எங்காலை வந்தது?"

அறை முழுவதும் சிரித்தது. வேளாளர், கரையோரத்து ஆட்கள், மாதா கோயில்காரர், எல்லாரும். நான் எழும்பிப் போயிருப்பேன். யன்னலால் பார்த்தேன். வேம்பின் கீழ் உன் மாமா நின்றார். நான் வெளியே வருவதற்காகக் காத்துக்கொண்டு. பேணியை வாங்கிக் குடித்தேன். சின்னத்தம்பி ஒரு துண்டு பனங்கட்டியை நீட்டினார். "கடிச்சுக் குடியுங்கோ. அதே பனைதான்."

அந்த அறையில் பேசப்படுவதை வெளியே சொல்லக்கூடாது. அது முறை. அதனால் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதமாட்டேன். நான் எழுதுவதெல்லாம் தேநீர் நேரத்துக் கதையும் தெருவில் கண்டதும்தான். தெருவுக்கு அந்த முறை இல்லை. இன்னொரு முறையும் உண்டு. ஒருவர் பேசத் தொடங்கினால் முடியும்வரை மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. எழும்பிப் போகவும் கூடாது. இருந்து கேட்கவேண்டும். இதை மறக்காதே, பின்னால் வரும்.

ஒருநாள் பஸ்சுக்கு நடக்கும்போது சின்னத்தம்பி கேட்டார். "ஐயா, பெரிய பிள்ளையின்ரை கலியாணத்தண்டு குடிலுக்கை இருந்து கதவிலை அடிச்சது நீங்கள்தானே?"

"ஓம். உமக்குக் கேட்டதோ?"

"கேட்டது. சாப்பாட்டுக்கு எங்களை வேலிக்கு அங்காலை இருத்தினவை. குடில் எனக்குக் கிட்ட. நான் எழும்பி வந்து திறந்திருக்கலாம்."

"ஏன் திறக்கேல்லை?"

"எனக்குச் சந்தோசமாய்க் கிடந்தது ஐயா. ஒரு நாளைக்கெண்டாலும் நீங்களும் வெளியிலை."

நான் நடுத்தெருவில் நின்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு உண்மை சொன்ன முதல் ஆள் அவர். உம்மடை நல்லதுக்கு என்று அவர் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொல்லவில்லை. மாமா ஏசுவார் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஐயா என்று கூப்பிடவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். "பாப்பம் ஐயா" என்கிறார். அவருடைய பழியையும் அவர் வைத்திருக்கிறார். வைத்திருக்கட்டும்.

உன் மாமா இன்னும் வருகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் என்று சொல்லமுடியாது, ஆனால் வருகிறார். வேம்பின் கீழ் நிற்பார், சிலநாள் படலையில் கை வைப்பார். நீ நினைப்பாய், தன்னைக் குடிகாரன் என்று ஒப்புக்கொள்ள வெட்கம் என்று. இல்லை தம்பி. காரணம் எனக்கு உள்ளே போன முதல்நாளே தெரிந்துவிட்டது. படலையில் நின்று பார்த்தால் தெரிவது தேநீர் மேசை. அவரால் விழுங்க முடியாதது அந்தப் பேணி. குடியை விடாமல் செத்தாலும் சாவார், சின்னத்தம்பி குடித்த பேணியில் வாய் வைக்கமாட்டார். போன மாதம் ஊரில் கண்டேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது.

அருளப்பு என்னை விடுவதில்லை. "உங்கடை ஆள் வெளியிலை நிக்கிறார். போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாருமன்."

"நிக்கட்டும்."

"பழியிலை எவ்வளவு காலத்துக்குக் குடிக்காமல் இருப்பீர்?"

"நீங்கள் எதிலை இருக்கிறியள்?"

"நான் பயத்திலை."

"அப்ப என்ரை நல்லது. பயம் நித்திரை கொள்ள விடாது. நான் வடிவாய் நித்திரை கொள்ளுறன்."

அவர் சிரித்துவிட்டுக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு போனார்.

உனக்கும் ஒன்று சொல்லவேண்டும். கிழமை முடிவில் நண்பர்கள் கூடுவோம், பியர் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தின் முதல் பக்கத்து எழுத்து நேராக நிற்கிறது, கடைசிப் பக்கத்து எழுத்து சரிகிறது. இரண்டையும் ஒரே இருப்பில் எழுதியிருக்கிறாய், இடையில் எழும்பிப் போய் வந்திருக்கிறாய். நான் கேள்வி கேட்கவில்லை. ஒரு நாள் விடவேண்டி வந்தால் பெரிய காரணங்களைத் தேடாதே. பிள்ளைகள், கடவுள், மானம் எல்லாம் காலைச் சாப்பாட்டுக்கு முன் களைத்துவிடும். உனக்கு எதிராகத் திறாங்கு போட்ட ஒருவரைத் தேடிப்பிடி. அவர் முன்னால் நடுங்காத கையோடு நிற்கவேண்டும் என்று நினை. அப்படி யாரும் இல்லையென்றால் என்னை வைத்துக்கொள். அதற்கு நான் உனக்குச் செய்த கெடுதல் போதும். இப்போது இந்த எழுத்தைப் பார். எங்காவது ஒரு கோடு நடுங்குகிறதா? கடிதத்தை மாமாவுக்குக் காட்டலாம். அவர்தான் உன்னை எழுதவைத்தார் என்று எனக்குத் தெரியும்.

கலியாணத்துக்கு வா. குடிலின் கதவைக் கழற்றிவிட்டேன், அங்கே யாரையும் யாரும் பூட்டமுடியாது. மாமாவை அவர் வீட்டுக்குப் போய் நீயே கூட்டிவா. முன்வரிசையில், மணவறைக்கு நேரே, நல்ல கதிரையில் இருத்து. ஏலக்காய் மென்றுகொண்டு இருக்கட்டும். வெற்றிலையோடு வசந்தியின் கையை நான் பிடிக்கும்போது அவர் என் விரல்களைப் பார்க்கவேண்டும். எனக்கு அது போதும் என்று நினைத்திருந்தேன். போதாது.

அந்த அறையில் நான் என் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிட்டேன், குடில் கதையைத் தவிர. அதை வைத்திருக்கிறேன். என் பக்கத்துக் கதிரையில் யாரும் இருக்காதபடி என் குடையை வைக்கிறேன். ஒரு பக்கம் சின்னத்தம்பி, மறுபக்கம் குடை. அதைக் கருணை என்கிறார் அருளப்பு. நான் மறுத்துவிட்டேன். உன் மாமா ஒருநாள் உள்ளே வரவேண்டும், அந்தக் கதிரையில் இருக்கவேண்டும், பேணியை வாங்கவேண்டும். அதன்பிறகு நான் பேசத் தொடங்குவேன், திறாங்கு விழுந்த சத்தத்திலிருந்து. முடியும்வரை அவர் குறுக்கே பேசமுடியாது. எழும்பிப் போகமுடியாது. கதவு திறந்திருக்கும், ஆனால் இருந்து கேட்கவேண்டும். அதற்கு அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்பது இப்போது என் கவலை.

போன சனிக்கிழமை நல்ல மழை. வேம்பு ஒழுகியது. அவர் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி நின்றார், போகவில்லை. சின்னத்தம்பி யன்னலால் பார்த்துவிட்டுக் குடையைக் காட்டினார்.

"மனிசன் நனையுது. உதைக் குடுத்துவிடுங்கோவன்."

"குடை இஞ்சை கதிரையிலைதான் கிடக்கு," என்றேன். "வேணுமெண்டால் உள்ளுக்கை வந்து எடுக்கட்டும்."

யன்னல் திறந்திருந்தது. அவருக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். படலை கிறீச்சிட்டது. அவருடைய ஒரு கால் உள்ளே வந்து திரும்பியது; அந்தக் கதிரையில் இன்னும் குடைதான்.

அப்பா